தீர்ப்புச் சொற்கள்

(எலவனாசூர்கோட்டைக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற் கட்சிப் பேச்சு வேண்டா, தமிழைப்பற்றிப் பேசுக என்று காரியதரிசியவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யான் தமிழைப்பற்றியே பேசப்போகின்றேன். ஆயினும் கட்சிப் பேச்சு அதனுள் வந்தே தீரும். என்னை? இந்நாளில் நம் மொழியிற் புதுச் சொற்கள் மிகுதியாகப் பிறப்பது புலவர் மனையிலன்று; கட்சி மேடையிலேயாம். அங்கே பிறந்த சொல் மறுநாட் காலையிற் பத்திரிகையில் ஏறி, மாலையிற் றேநீர்க்கடையை அடைந்து, மூன்றாம் நாள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துவிடுகின்றது. சந்தையிற் கத்தரிக்காய் வாங்குவோன் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொத்தை நீக்கி வாங்குகின்றான். சொல்லை வாங்குங்கால் அங்ஙனம் செய்வாரைக் காண்டல் அரிது.

சில சொற்கள் பொருளை மட்டும் உணர்த்தும். மரம், ஆறு, பள்ளிக்கூடம் என்பன அத்தகையன. வேறு சில சொற்களோ, பொருளை உணர்த்துவதோடு, அதனைப்பற்றி நாம் யாது எண்ணவேண்டும் என்பதனையும் உடன் கொண்டுவரும். வழக்குக் கேட்குமுன்னரே தீர்ப்பை எழுதி மடியிற் கட்டிக்கொண்டு மன்றத்துக்கு வரும் நீதிபதியைப் போன்றவை அவை. அவற்றைத் தீர்ப்புச் சொற்கள் என்று யான் இன்று வழங்கிக்கொள்ளுகின்றேன்.

இலக்கண நூலார் இதனை அறியாதவரல்லர். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தனர். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்று தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. கட்சிச் சொற்களுட் பெரும்பாலன இவ்விரண்டும் கலந்து பிறந்தவையே. தம்மவர் செய்ததற்கு மங்கலமும் மாற்றார் செய்ததற்கு அமங்கலமும் சூட்டுவர். பண்டையோர் மங்கலம் கூறியது கேட்போர் மனம் நோவாமைப் பொருட்டு. இக்காலத்தார் கூறுவது நடந்தது தோன்றாமைப் பொருட்டு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க.

நம் மாவட்டத்தில் நடந்ததொன்றில் வைத்து இதனைப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரிற் பெரும்பாலோர் அன்றாடங் கூலி வேலை செய்து பிழைத்தோர். மெத்தனால் என்பது ஆலைகளிற் பயன்படும் ஒருவகை எரிசாராயம். அது கல்லீரலிற் சென்று பார்மிக் அமிலமாக மாறி, இரத்தத்தைக் கெடுத்துக் கண்ணரம்பைத் தாக்கும். அதனாலேதான் உயிர் பிழைத்தோரிலும் சிலர் கண்ணொளி இழப்பர். குடித்தோன் உடனே மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்து உண்டு. காலம் தாழ்த்தால் இல்லை. ஆகவே அன்று அச்சாவுகளுக்கு என்ன பெயர் இடப்பட்டது என்பது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. முதல் நாளன்று அதிகாரிகள் தரப்பில் வயிற்றுப்போக்கு முதலிய வேறு காரணங்கள் கூறப்பட்டன. அதே சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டிற் படுத்திருந்தவனுக்கு, 'வயிற்றுப்போக்கு' என்ற சொல் கேட்டால் அச்சம் வாராது. 'நஞ்சு' என்ற சொல் கேட்டால் எழுந்து ஓடுவான். அப்பெயரைப் பின்னர்க் கண்டித்தோர் பலர். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டதும், காவற் கண்காணிப்பாளர் தற்காலிகமாக நீக்கப்பட்டதும் நீவிர் அறிந்தனவே.

பின்பு இரண்டு பெயர்கள் எழுந்தன: கள்ளச்சாராயம், விஷச்சாராயம். மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. ஆயின் மேடையில் அவை ஒன்றாக நில்லா. கள்ளச்சாராயம் என்றால், ஊரிற் களவாகச் சாராயம் விற்கப்படுகின்றது, காவலர் காணாதிருந்தனர், ஆட்சி தவறியது என்ற தீர்ப்பு அதனுள் உள்ளது. விஷச்சாராயம் என்றால், இஃது ஊர்தோறும் நடக்கும் விற்பனையன்று, எவனோ ஒரு கயவன் நஞ்சு கலந்த தனிநிகழ்ச்சி என்ற தீர்ப்பு அதனுள் உள்ளது. எனவே எதிர்க்கட்சியினர் முன்னதையும் ஆட்சியினர் பின்னதையும் விரும்புதல் இயல்பு. 2023-ஆம் ஆண்டு மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் இத்தகைய சாவு நேர்ந்தபொழுதே, இது கள்ளச்சாராயம் அன்று, ஆலை மெத்தனால் கலந்த விஷச்சாராயம் என்று காவல்துறைத் தலைவர் விளக்கம் தந்திருந்தார். அவ்விளக்கம் வேதியியலளவிற் சரியானதே. ஆனால் அதனைக் கேட்டோர் எத்தனை பேர், 'அங்ஙனமாயின் களவாக விற்பது எங்கே போயிற்று?' என்று கேட்டனர்?

இரண்டு சொல்லையும் விலக்கிவிட்டு, நடந்ததனை ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். ஆலைக்குரிய மெத்தனால் களவாகக் கொண்டுவரப்பட்டது. உரிமமின்றி விற்கும் சாராயத்தில் அது கலக்கப்பட்டது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அணித்தான ஓரிடத்தில் அது விற்கப்பட்டது. வாங்கிக் குடித்தோர் மாண்டனர். இவ்வளவும் உண்மை. இதனுட் கள்ளமும் உண்டு, விஷமும் உண்டு. ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு மற்றொரு சொல்லை மறைப்பதற்கு இவ்வாக்கியம் இடம் தாராது. யாரை வினவவேண்டும் என்பதும் இதனுள் தானே விளங்கும்: மெத்தனால் கொணர்ந்தோன், கலந்தோன், விற்றோன், கண்டுங் காணாதிருந்தோன். 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் இவ்வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியதும் இவ்வினாக்கள் விடையின்றி நின்றமையாலேயே எனலாம்.

அரசு, இறந்தோர் குடும்பத்துக்குத் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கிற்று. அதனைப்பற்றி நம்மூர்த் தேநீர்க்கடைகளில் எழுந்த பேச்சை நீவிரும் கேட்டிருப்பீர். 'குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா? பரிசா?' என்றனர். உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தோரும் உளர். அரசு அதனை நிவாரணம் என்றது. இவர்கள் பரிசு என்றனர். அத்தொகை மிகுதியா, எல்லா விபத்துக்கும் அவ்வளவு தர இயலுமா என்று வினவுதல் முறையான வினாவே. அதனை யான் குறைகூறேன். ஆனால் 'பரிசு' என்ற சொல்லை வாக்கியமாக்கிப் பாருங்கள். பரிசு பெறுவோன் யார்? செத்தவன் பணம் வாங்குவதில்லை. வாங்குவோர் அவன் மனைவியும் மக்களும். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுவரை மாதம் 5,000 ரூபாய் தருவதாகவும் அரசு அறிவித்தது. பள்ளிக்கூடத்தில் என்முன் அமர்ந்திருக்கும் அத்தகைய பிள்ளை ஒன்றை நோக்கி, 'உனக்குப் பரிசு கிடைத்தது' என்று சொல்ல எனக்கு நாவெழாது. அச்சொல்லைத் தேநீர்க்கடையிற் சொல்லலாம், அப்பிள்ளையின் முன்னே சொல்லலாகாது என்றால், அச்சொல்லின்கண் ஏதோ குற்றம் உளது.

சாராயத்தைப்பற்றிய பேச்சை விடுமுன் ஒன்று சொல்லி விடுகின்றேன். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்தபொழுது, நம் அண்டை மாவட்டமாகிய சேலத்தில் மதுவிலக்கு முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. பிற்காலத்திற் பலமுறை தளர்ந்தும் இறுகியும் வந்து, 2003-ஆம் ஆண்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதையும் அரசின் வாணிபக் கழகமே ஏற்றது. அவ்விற்பனையை மேற்பார்க்குந் துறையின் பெயரோ மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை! விலக்குவோரும் விற்போரும் ஒரே வாயிலில் அமர்ந்திருப்பதை அப்பெயர் எவ்வளவு அமைதியாகக் காட்டுகின்றது பாருங்கள். ஒரு கட்சி மட்டுமா இதனைச் செய்தது? எல்லாக் கட்சியின் ஆட்சியிலும் அப்பெயர் நின்றது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், உரத்த சொல் மட்டுமே தீர்ப்புச் சொல் அன்று. மென்மையான சொல்லும் அதுவேயாம். இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு நம் பள்ளிக்கூடத்து வரலாற்றில் உள்ளது. ஆசிரியனாகிய யான் அதனைச் சற்று விரித்தே சொல்லவேண்டும்.

1953-ஆம் ஆண்டில் அதே இராசகோபாலாச்சாரியார் சென்னை மாகாணத்து முதலமைச்சராக இருந்து, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாறுதலைச் செய்தார். பிள்ளைகள் பள்ளியில் இருக்குங் காலம் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. பிள்ளைகள் இரு பிரிவாக முறைவைத்து வரவேண்டும். எஞ்சிய நேரத்தில் அவர்கள் வீட்டிலிருந்து தாய் தந்தையர் செய்யுந் தொழிலைக் கற்கவேண்டும். அரசு இதற்கு இட்ட பெயர், திருத்தியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம் என்னும் பொருளுடையது. எதிர்த்தோர் இட்ட பெயர் குலக்கல்வித் திட்டம். பெரியார் ஈ.வெ.ராமசாமியும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் மட்டுமல்லர், காங்கிரசுக் கட்சியுள்ளேயே பலரும் எதிர்த்தனர். அவ்வாண்டு ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிடவேண்டும் என்று சட்டசபையில் வந்த தீர்மானத்துக்கு இருபக்கமும் 138 வாக்குக்கள் விழுந்தன. திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழுவின் ஆராய்ச்சிக்கு விடுவது என்ற தீர்மானம் 139-க்கு 137 என்று நிறைவேறிற்று. மறு ஆண்டு முதலமைச்சர் பதவியினின்று அவர் விலகினார். 1954 ஏப்ரலிற் காமராசர் முதலமைச்சரானார். மே திங்களில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இன்று அத்திட்டத்தின் அரசுப் பெயரை நினைவு வைத்திருப்போர் யாவர்? குலக்கல்வி என்ற பெயரே நின்றது. அதனைச் சிலர் பொய்ப்பெயர் என்பர். அரசாணையிற் குலம் என்ற சொல்லே இல்லை, பெற்றோர் தொழில் என்றுதானே கூறப்பட்டது, என்பர். அக்கூற்றை யான் ஒப்புகிலேன். 1953-இல் ஒரு சிற்றூரிற் பெற்றோர் தொழில் யாது? வண்ணான் மகன் துணி வெளுக்கக் கற்பான். குயவன் மகன் சக்கரம் சுற்றக் கற்பான். பண்ணையாள் மகன் மாடு மேய்ப்பான். எழுத்து வேலை செய்வான் மகன் எஞ்சிய நேரத்திலும் எழுத்தையே கற்பான். தொழிலே குலமாக இருந்த நாட்டில், பெற்றோர் தொழில் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே குலமே இருக்கும். எதிர்த்தோர் செய்தது அப்பொதியை அவிழ்த்துக் காட்டியதே. இது தீர்ப்புச் சொல்தான். ஆயினும் அத்தீர்ப்புக்குப் பின்னே சாட்சி நின்றது. மாறாகத் 'திருத்தியமைத்த' என்ற அரசுச் சொல்லோ, எதனைத் திருத்தினர், யாருக்காகத் திருத்தினர் என்று எதுவுஞ் சொல்லாமல், திருத்தம் என்றால் நல்லதே என்று நம்மைத் தலையசைக்கச் செய்தது.

ஆயினும் ஓரிழப்பு நேர்ந்தது என்பதனையும் யான் மறைக்கமாட்டேன். அரசு தன் தரப்பிற் சொன்ன காரணங்களுள் ஒன்று பணமும் கட்டிடமும் ஆசிரியரும் போதாமை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயலவேண்டும் என்றது. இருக்கும் கட்டிடத்தில் இருக்கும் ஆசிரியரைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகளை எப்படிப் படிப்பிப்பது என்பது மெய்யான வினா. குலக்கல்வி என்ற சொல் மேடையேறிய பின்பு அவ்வினாவை யாருங் கேட்டிலர். கேட்டவன் குலக்கல்விக்காரன் ஆயினன். சொல் வென்றது, நல்லதே. வினா மட்டும் பின்னும் பல்லாண்டு வகுப்பறையில் எங்களோடு அமர்ந்திருந்தது. ஓராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்பையும் ஒருவரே நடத்தியதை இக்கூட்டத்தில் முதியோர் பலர் அறிவர்.

அவ்வாண்டு தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டம். மற்றொரு முனை டால்மியாபுரம் என்ற ஊர்ப்பெயரைக் கல்லக்குடி என்று மாற்றுதல். மூன்றாவது முனை, பிரதமர் நேரு சொன்ன 'நான்சென்ஸ்' என்ற ஒரு சொல். மூன்றிலும் சொல்லே போர்க்களமாயிற்று. நம் நாட்டார்க்குச் சொல்லின்மேல் உள்ள பற்று அத்தகையது.

சில சொற்களை விரைந்து சுட்டிச் செல்வேன். 'பின்தங்கிய வகுப்பு' என்பது தன்வினை. அவ்வகுப்பார் தாமே நடையிற் சோர்ந்து பின்னே தங்கினர் என்பது பொருள். 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு' என்பது செயப்பாட்டு வினை. செய்தவன் ஒருவன் உளன் என்பது குறிப்பு. நம் பிள்ளைகளின் சான்றிதழில் உள்ளது பின்னது. ஒரு விகுதியிற் பல நூற்றாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. ஆயினும் செயப்பாட்டு வினையில் வினைமுதல் மறைந்து நிற்கும் என்பதை மறவற்க. பிற்படுத்தியோர் யார் என்று கேட்டால் எல்லாரும் பிறரைச் சுட்டுவரேயன்றித் தம்மைச் சுட்டார். இனி, 2006-க்குப்பின் 'இலவசத்' தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 2011-க்குப்பின் 'விலையில்லா' மடிக்கணினி வந்தது. விலையில்லாதது என்றால் விலைமதிக்க ஒண்ணாதது என்றும் பொருள்படுமே என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். அவனுக்கு நல்ல மதிப்பெண் இட்டேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாயின் பெயரோ மகளிர் உரிமைத் தொகை. இலவசம் என்றால் வாங்குவோள் தலைகுனியவேண்டும். உரிமை என்றால் நிமிர்ந்து வாங்கலாம். பணம் ஒன்றே, பெயர் குனிவிக்கின்றது, நிமிர்விக்கின்றது.

இனி நம் வீட்டுக்கு வருகின்றேன். பிறர் சொல்லை அளந்த கோலால் நம் சொல்லையும் அளக்கவேண்டும். அடுத்த மாதம் கூடவிருக்கும் பொதுக்கூட்டத்துக்கென நம் இளைஞர் எழுதிய தீர்மான வரைவைக் காரியதரிசியவர்கள் பிழைதிருத்தத் தந்தார்கள். சந்திப்பிழைகளைத் திருத்திவிட்டேன். ஆறாவது தீர்மானத்தில் 'நாடகக் காதல்' என்ற தொடர் மூன்றிடத்தில் உள்ளது. அதனை அரசு தடுக்கவேண்டும் என்பது தீர்மானம். 2012 நவம்பரில் ஒரு கலப்பு மணத்தை முன்னிட்டுத் தருமபுரி மாவட்டத்து நத்தம் முதலிய குடியிருப்புக்களில் இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அதற்குப் பின்னரே இத்தொடர் நம் வடமாவட்டங்களில் மேடைதோறும் பெருகியது.

இத்தொடரை வாக்கியமாக்கிப் பார்ப்போம். நாடகம் என்றால் நடிப்பவன் உளன், நடிக்கச் சொன்னவன் உளன், ஏமாந்தவள் உளள். யார்? எந்த ஊர்? எந்த வழக்கு? பணம் பறித்தான் எனில் மோசடிக்குச் சட்டம் உண்டு. வயது வாராத பெண்ணை அழைத்துச் சென்றான் எனில் அதற்கும் கடுஞ் சட்டம் உண்டு. அவ்வழக்கைப் பெயர் சொல்லி எழுதலாம். அவ்வாறன்றி, வயது வந்த பெண்ணொருத்தி வேறு குலத்தானை விரும்பியதே நாடகம் என்றால், அச்சொல் அவள் மனத்துக்குள் இருப்பதனை மேடையில் நிற்பவன் அறிந்ததாகச் சாதிக்கின்றது. வயது வந்த இருவர் மணத்துக்குக் குடும்பத்தின் இசைவோ சாதியின் இசைவோ வேண்டுவதில்லை என்று உச்சநீதிமன்றம் 2018-இற் கூறியது. அதனை மறுத்து எழுதத் துணிவு இல்லாதவிடத்து, இச்சொல் அவ்வேலையை மறைவிற் செய்து தருகின்றது.

ஈண்டுச் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கின்றேன். 'ஆணவக் கொலை' என்று எதிர்த்தரப்பார் சொல்வது மட்டும் தீர்ப்புச் சொல் அன்றோ என்று கேட்பீராயின், கேட்பது முறையே, அதனையும் அளப்போம். முன்னர்ப் பத்திரிகைகள் 'கௌரவக் கொலை' என்று எழுதின. கொன்றவன் தன் செயலுக்குத் தானே கூறிக்கொள்ளுங் காரணத்தை அச்சொல் அப்படியே ஏற்று எழுதிக் கொடுத்தது. அதுவும் தீர்ப்பே, கொன்றவன் பக்கத்துத் தீர்ப்பு. 2003-ஆம் ஆண்டில், இங்கிருந்து தொலைவில் இல்லாத விருத்தாசலத்தை அடுத்த ஓர் ஊரில், மணஞ் செய்துகொண்ட இளைஞனுக்கும் பெண்ணுக்கும் உறவினர் நஞ்சூற்றிக் கொன்று எரித்தனர். கடலூர் நீதிமன்றம் 2021-இல் தண்டித்தது. உச்சநீதிமன்றம் 2025-இல் குற்றத்தீர்ப்பை உறுதி செய்தது. தங்கள் குலப்பெருமை குறைந்ததென்று கருதித் தங்கள் வீட்டுப் பெண்ணையே கொன்றனர் என்பது அவ்வழக்கின் வாக்கியம். அதற்கு ஆணவம் என்ற பெயர் பொருந்துகின்றதா, கௌரவம் என்ற பெயர் பொருந்துகின்றதா என்பதை நீவிரே கூறுக. யான் சொன்னது தீர்ப்புச் சொல்லே கூடாது என்பதன்று. சாட்சி நிற்குமாயின் தீர்ப்பும் நிற்கும்.

1429-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுக்கள் சில விருத்தாசலப் பக்கத்திலும் காவிரிக்கரைப் பக்கத்திலும் உள்ளன. அதிகாரிகளின் வரிக்கொடுமை பொறாது வலங்கையாரும் இடங்கையாரும், தம்முள் இருந்த பகையை விட்டு ஒன்றுகூடிய செய்தி அவற்றில் உள்ளது. வைது எழுதி அவர்கள் அமைந்திலர். இன்ன நிலத்துக்கு இன்ன அளவே வரி என்று வரையறுத்துக் கல்லில் வெட்டுவித்தனர். சாதிக் கூட்டத்தார் தம் குறையை எழுதும் முறைக்கு இதனினும் நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே காரியதரிசியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆறாவது தீர்மானத்தில் அத்தொடர் வரும் மூன்றிடத்தையும் அடித்துவிட்டு, நிகழ்ந்தது இன்னது, நிகழ்ந்த ஊர் இது, பதிந்த வழக்கு இது என்று இளைஞர் எழுதித் தரட்டும். அங்ஙனம் எழுதத்தக்கது யாதும் இல்லையாயின் அத்தீர்மானத்தை வரைவினின்று எடுத்துவிடலாம். ஏழாவது தீர்மானம் வெளியூரிலிருந்து படிக்க வரும் பெண் பிள்ளைகளுக்கு விடுதி வேண்டுவது. அதிற் பிள்ளைகளின் தொகையும், அவர்கள் நாடோறும் பேருந்தில் வந்துபோகுந் தொலைவும் தெளிவாக உள்ளன. அதில் யான் ஓரெழுத்தும் மாற்றவில்லை.